அப்பா கேட்காத உதவி

அப்பா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தபோது, அவரைக் காப்பாற்றச் சொல்லி எனக்கு ஒரு செய்தி வந்தது.

நான் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் பொறியாளர். அன்று ஒரு குடியிருப்பின் உச்சியில், மோட்டார் அறையில், பிரேக்கைப் பிரித்து வைத்திருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் கிளை அலுவலகக் குழுவில் ஸ்டோர் பொறுப்பாளர் ஒரு படம் அனுப்பியிருந்தார். கட்டிலில் ஒரு பெரியவர், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். கீழே கொட்டை எழுத்தில்: 'உயிருக்குப் போராடும் ஏழைத் தொழிலாளி. இன்று மாலைக்குள் அறுவை சிகிச்சை. உங்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு ஓர் உயிரைக் காக்கும்.' அதற்கும் கீழே ஒரு கணக்கு எண், ஒரு கைப்பேசி எண். ஓரத்தில் ஊதா நிறத்தில் வட்ட முத்திரை.

ஸ்டோர் பொறுப்பாளர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: 'உண்மையான கேஸ். எனக்குத் தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவர்.'

அவர் என் அப்பாவைப் பார்த்ததே இல்லை. அந்தப் படத்தை எடுத்தவள் நான். கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் என் மஞ்சள் ஹெல்மெட்டின் விளிம்பு தெரிந்தது. வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு நாள், மாஸ்க்குக்குள் அப்பா சிரிப்பது போல இருந்ததால் எடுத்தேன். குடும்பக் குழுவில் மட்டும் போட்டேன்.

பிரேக்கைத் திரும்பப் பூட்டினேன். பிரித்த பிரேக்கை அப்படியே விட்டுவிட்டு அழ முடியாது. சோதித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை எதுவும் பேசப்படவேயில்லை. நுரையீரல் கெட்டிருந்தது, கத்தி வைத்துப் பயனில்லை என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். செலவை நாங்கள் பார்த்துக்கொண்டோம். அப்பா யாரிடமும் கை நீட்டவில்லை. வாழ்நாளெல்லாம் இந்த மாதிரி வேண்டுகோள்களைக் காலரைப் பிடித்து உலுக்கியவர் அவர். இப்போது அவர் முகமே அப்படி ஒன்றின் மேல் ஒட்டியிருந்தது.

அப்பா ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர். கடை, ஒரு பழைய வணிகக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில். நிமிர்ந்தால் தலை இடிக்கும். "நம்ம கடைக்கு எவ்வளவு பெரிய ஆளும் குனிஞ்சுதான் வருவான்" என்பார். ஒரு பக்கம் ஜெராக்ஸ் கடை, மறுபக்கம் சலூன். ஈய எழுத்துகளை இடம் வலம் மாற்றிக் கோத்து, அச்செடுத்து, ரப்பர் தாளைச் சூட்டில் அழுத்தி, பிளேடால் அரிந்து மரப்பிடியில் ஒட்டுவது அவர் தொழில். பிற்காலத்தில் கணினியும், ஒளியால் அச்செடுக்கும் விளக்குப் பெட்டியும் வந்தன. கருகிய ரப்பர் வாசனை மட்டும் அவர் சட்டையை விட்டுப் போகவில்லை.

தெருவில் அவருக்கு 'விசாரணை' என்று பெயர். காரணம் உண்டு. டாக்டர், வக்கீல், கம்பெனி என்றால் உடனே வேலை நடக்கும். அறக்கட்டளை, நிவாரண நிதி, ஆதரவற்றோர் இல்லம் என்று காதில் விழுந்தால் பிளேடைக் கீழே வைத்துவிடுவார்.

"எங்க இருக்கு? யார் நடத்துறாங்க? நான் ஒரு நடை வந்து பார்க்கலாமா?"

"ஒரு சீல் கேட்டா வம்சத்தையே கேக்குறீங்களே!"

"பேப்பர்ல யார் வேணா என்ன வேணா எழுதலாம். அதுமேல ஒரு வட்டம் விழுந்தாத்தான் காசு வரும். அந்த வட்டம் என் கையில இருந்துல்ல போகுது?"

வாராந்திர விடுமுறையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த முகவரிக்குப் போவார். ஒருமுறை 'குழந்தைகள் இல்லம்' என்று சொல்லப்பட்ட இடத்தில் பழைய டயர் கிடங்கு இருந்தது. திரும்பி வந்து அந்த ஆளிடம் சண்டை போடவில்லை. ரப்பர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அவன் வந்தபோதெல்லாம் ரப்பர் வரவில்லை.

"எப்பதான் சார் வரும்?" என்று அவன் எகிறினான்.

"மரம் வளரணும்ல" என்றார் அப்பா. சலூனிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவன் அதற்குப் பிறகு வரவில்லை.

தவறும் செய்தார். தீக்காயம் பட்ட தங்கைக்காக நிதி திரட்டிய ஒரு பெண்ணின் முகவரிக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்துவிட்டு வந்து, முடியாது என்று சொல்லிவிட்டார். பிறகு தெரிந்தது, வீட்டில் எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்ததால்தான் பூட்டியிருந்தது என்று. அப்பா அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், அந்தப் பெண்ணின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். சீலைச் செய்து கையில் கொடுத்தார். அன்றிலிருந்து எந்த முகவரிக்கும் இரண்டு தடவை போவது என்று வைத்துக்கொண்டார். "பூட்டு பதில் சொல்லாது. ஆளைப் பார்க்கணும்" என்பார்.

கைப்பேசியில் வரும் வேண்டுகோள்களை நின்றுகொண்டே படிப்பார். ஆஸ்பத்திரி பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால், அந்த ஆஸ்பத்திரியின் எண்ணைத் தானே தேடி எடுத்து, இந்தப் பெயரில் நோயாளி உண்டா, எந்த வார்டு என்று கேட்பார். செய்தியில் உள்ள எண்ணுக்கு மட்டும் அழைக்க மாட்டார். "அவன் நம்பருக்கு அடிச்சா அவன்தானே எடுப்பான்?" உண்மை என்று தெரிந்தால் நேரே போய் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நோயாளியின் பெயரில் கட்டிவிட்டு, குடும்பத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுவார். யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

"இவர் விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள நோயாளி குணமாகி வீட்டுக்கே போயிருவான்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

இன்னொன்று. வட்ட முத்திரைகளில் இரண்டு சொற்களுக்கு நடுவே எல்லாரும் நட்சத்திரம் போடுவார்கள். அப்பா ஒரு சின்ன இலை போடுவார். ஒரு பக்கம் சாய்ந்த இலை. அவர் வேலைக்கு அதுதான் அடையாளம்.

படிக்கட்டில் உட்கார்ந்தபடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊதா வட்டத்தில் இலை இருந்தது.

அன்று மாலை அப்பாவின் கடைக்குப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. ஜெராக்ஸ்காரர் சலூனில்தான் உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"வாம்மா. கடையைக் காலி பண்ணப் போறீங்களா?"

"இல்லண்ணே. ஒண்ணு கேக்கணும்." கைப்பேசியை நீட்டினேன். "இது உங்களுக்கும் வந்துச்சா?"

அவர் கத்தரிக்கோலைக் காற்றில் சும்மா இரண்டு தடவை வெட்டினார். "இப்பத்தான் பாக்குற மாதிரி கேக்குற."

"இப்பத்தான் பாக்குறேன்."

"சரிம்மா. இப்பத்தான் பாக்குற."

ஜெராக்ஸ்காரர் எழுந்து நின்றார். சாதுவானவர். "அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்கும்போதே வந்துச்சும்மா. இந்த வரிசையில எல்லாருமே அனுப்பினோம். அண்ணனுக்குன்னா கணக்கா பார்ப்போம்?"

"அனுப்பினதைப் பத்தி இல்ல" என்றார் சலூன்காரர். "ஊரையே விசாரிச்ச மனுஷன். கடைசியில மூஞ்சியைப் போட்டுக் கையேந்த வெச்சுட்டாங்களேன்னுதான். எங்ககிட்ட நேர்ல வந்து கேட்டிருக்கக் கூடாதா? கொடுத்தவனுக்கு ஒரு வார்த்தை கிடையாது. எடுக்கிற அன்னைக்குக்கூட நீங்க யாரும் வாயைத் திறக்கலை."

அடக்கத்தின்போது தெருக்காரர்கள் தள்ளியே நின்றது நினைவுக்கு வந்தது. துக்கம் என்று நினைத்திருந்தேன்.

"அண்ணே, நாங்க கேக்கவே இல்லை. இந்தக் கணக்கு எங்களுது இல்லை."

"பின்ன யாருது?"

"தெரியாது."

"படம்?"

"நான் எடுத்தது."

கண்ணாடியில் அவர் கண்கள் என் மேல் நின்றன. "அப்ப?" என்றார்.

கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து அப்பா ஆயுள் முழுக்கச் சம்பாதித்தது ஒன்றே ஒன்று: இந்த ஆளிடம் பொய் நடக்காது என்ற பெயர். இந்தத் தெருவில் அது போய்க்கொண்டிருந்தது. அவர் எழுந்து வந்து விளக்கம் சொல்லப் போவதில்லை.

பழுது கண்டுபிடிப்பது என் தொழில். குடும்பக் குழுவில் அப்பாவைத் தவிர நான்கு பேர்: அம்மா, சித்தப்பா, சித்தி, நான். படம் அங்கிருந்துதான் கசிந்திருக்க வேண்டும்.

சந்தேகம் சித்தப்பா மேல் விழுந்தது. அப்பாவின் தம்பி. ஆளுக்கு ஒரு தொழில் என்றால் அவருக்கு ஆண்டுக்கு ஒரு தொழில். 'இயற்கை நலச்சங்கம்' என்று ஒன்று ஆரம்பிக்கப் போவதாக ஒருமுறை வந்து வட்ட முத்திரை கேட்டார். சங்கத்தில் வேறு யார் என்று அப்பா கேட்டார். "இப்போதைக்கு நான்தான்" என்றார் சித்தப்பா. முத்திரை கிடைக்கவில்லை. இருவரும் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை.

அழைத்தேன். "சித்தப்பா, அப்பா படத்தை யாருக்காவது அனுப்பினீங்களா?"

"எந்தப் படம்?"

"ஆஸ்பத்திரிப் படம். எப்பவாவது, யாராவது கேட்டு..."

"அண்ணன் போனாலும் டிபார்ட்மென்ட்டை மூடலை போலிருக்கே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என்னைத்தான் கேக்குறியா?"

"எல்லாரையும் கேக்குறேன்."

"பொய். முதல்ல எனக்குத்தான் அடிச்சிருக்க. உங்க அப்பன்கூட மூஞ்சிக்கு நேரா கேப்பாரு. நீ சுத்தி வளைக்கிற. வா, வந்து என் ஃபோனை எடுத்துப் பார்த்துக்க."

வேறு பெண்ணாக இருந்தால் போயிருக்க மாட்டாள். நான் போனேன். அவர் கைப்பேசியையும் சித்தியின் கைப்பேசியையும் வாங்கிப் பார்த்தேன். படம் யாருக்கும் போகவில்லை. சித்தி தண்ணீர் கொடுத்தாள்; முகம் கொடுக்கவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது சித்தப்பா சொன்னார்: "பாக்கி யாருன்னு உனக்கே தெரியும். மெதுவா கேளு. பாவம் அவங்க."

அம்மா வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். நான் உள்ளே போனபோது தையல் மெஷினில் இருந்தாள். நீலத் துணி தரை வரை கிடந்தது. அவள் முன்னால் கைப்பேசியை வைத்தேன். மெஷின் நின்றது.

படத்தைத்தான் முதலில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுத்தைப் படித்தாள்.

"இது டிரஸ்ட் தம்பி போட்டதா?" என்றாள்.

"எந்த டிரஸ்ட் தம்பி?"

"அப்பா படுத்திருந்தப்ப ஃபோன் பண்ணினான். கடை ஷட்டர்ல நம்ம நம்பரை ஒட்டியிருந்தோம்ல, அதைப் பார்த்துட்டு. 'அண்ணன்தாம்மா எங்க டிரஸ்டுக்கு சீல் செஞ்சு கொடுத்தவரு, என்னாச்சு அவருக்கு'ன்னு அழற மாதிரி கேட்டான். எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டான். சொன்னேன்."

"முன்னப்பின்ன தெரியாதவன்கிட்டயா?"

"நான் என்ன சும்மாவா நம்பினேன்?" அம்மாவுக்குக் கோபம் வந்தது. "இவர்கூடக் குப்பை கொட்டினவதானே நானும்? 'சீல் செஞ்சு கொடுத்தாருன்னா காட்டுங்க'ன்னேன். உடனே போட்டோ எடுத்து அனுப்பினான். இலை இருந்துச்சு. நம்ம இலை. உங்க அப்பா போய்ப் பார்க்காம அந்த இலையை யாருக்காவது வெச்சுக் கொடுத்திருக்காரா? நீயே சொல்லு."

அப்பா செய்வதைப் போலவே அவளும் சோதித்திருக்கிறாள். சோதனையில் அவன் தேறியிருக்கிறான்.

"காசு கேட்டானா?"

"கேட்டிருந்தா அங்கயே ஃபோனை வெச்சிருப்பேனே! 'உங்ககிட்ட நாங்க எதுவும் கேக்க மாட்டோம்மா, அண்ணன் படம் ஒண்ணு அனுப்புங்க, எங்க ஆளுங்ககிட்டச் சொல்லி ஏதாவது செய்யுறோம்'னான். வேண்டாம்ப்பா, நாங்க பார்த்துக்கிறோம்னேன். 'சும்மா பார்க்கணும் போல இருக்கும்மா'ன்னான். நீ எடுத்த படம் கையில இருந்துச்சு. அனுப்பினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவர் போயிட்டாரு. சொல்லலாம்னு அடிச்சேன். அந்த நம்பர் போகவே இல்லை." துணியைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள். "காசு கேட்டாத்தான் திருடன்னு நினைச்சுட்டேன். படம் கேட்டவனை நினைக்கலை."

சலூனில் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நாளைக்கு அவள் அந்தத் தெருவில் நடக்க வேண்டியவள்.

அம்மா மெஷினிலிருந்து துணியை உருவி மடித்தாள். "அந்தச் சீலை அவர் காசுக்காகச் செஞ்சு கொடுத்துட்டாரோ?" என்று கேட்டாள். அவளுக்கே அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு அதற்கு முன்பே வந்திருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

முத்திரையில் முகவரி இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கித் தரும் அறக்கட்டளை, ஒரு குறுக்குத் தெருவில் மாடி அறை. மறுநாள் போனேன். மேலே பூட்டு. கீழ் வீட்டிலும் ஆளில்லை. அடுத்த நாள் மறுபடி போனேன்.

கீழே ஒரு வயதான அம்மாள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுச் சொந்தக்காரி. நான் மாடியைப் பார்த்ததும், "நீயும் காசு அனுப்பினவளா?" என்று கேட்டாள்.

"ஏன், வேற யாராவது வந்தாங்களா?"

"முந்தாநாள் ஒருத்தன் வந்து கத்திட்டுப் போனான். என்னைப் போய்த் திருட்டுக் கூட்டம்ங்கிறான். நான் பட்டாணி உரிக்கிறதைப் பார்த்தா உனக்குக் கூட்டமா தெரியுதா?"

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஸ்டாம்ப் கடை, சைக்கிள். அவள் கை நின்றது.

"குனிஞ்சே நடப்பாரே, அவரா? நல்லா ஞாபகம் இருக்கு. மாடியில நர்ஸம்மா இருந்தா. ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் கண்ணாடி டிரஸ்ட் நடத்தினா. தங்கமான பொம்பள. இவர் வந்து, கண்ணாடி வாங்கின பிள்ளைங்க வீட்டைக் காட்டுங்கன்னுட்டாரு. நர்ஸம்மாவுக்குக் கோபம்னா கோபம். 'நான் என்ன களவாணியா'ன்னு கேட்டா. 'இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தாம்மா வந்தேன்'னாரு. ரெண்டு மூணு வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டுத்தான் திரும்பி வந்தாரு. அப்புறம் இங்கதான் உக்காந்து தண்ணி குடிச்சாரு."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

"நர்ஸம்மா இப்ப?"

"போயிட்டா. சொந்தக்காரங்க துணிமணியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. மேஜை நாற்காலியோட ரூமை ஒருத்தனுக்கு விட்டேன். பேச்சுல தேன் ஒழுகும். சட்டை மடிப்புக் கலையாது. நாலு மாசம்கூட இல்லை, ஒரு நாள் காலையில பார்த்தா ஆளைக் காணோம். வாடகை பாக்கியோட." கொஞ்சம் யோசித்தாள். "டிராயர்ல சீலு, சீலுக்கு உங்கப்பா கொடுத்த பில்லு, லெட்டர் பேப்பர் எல்லாம் அப்படியே கிடந்துச்சு. வெறும் பேப்பர்தானேன்னு விட்டுட்டேன். இப்ப டிராயர் காலி."

அவ்வளவுதான் விஷயம். முத்திரை உண்மை. அறக்கட்டளையும் ஒரு காலத்தில் உண்மை. கை மட்டும் மாறிவிட்டது. லிஃப்டுக்குள் நாங்கள் ஒட்டும் சான்றிதழில் எல்லாரும் கையெழுத்தைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அடுத்த ஆய்வுத் தேதி. அது தாண்டிவிட்டால் அந்தக் கையெழுத்துக்கு ஒரு பொருளும் இல்லை. அப்பாவின் இலைக்குத் தேதி கிடையாது. அதை நம்பிய அம்மாவும் நானும் அதை யோசித்ததில்லை. அவரும் யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். எழுதிக்கொண்ட அதிகாரி இந்த மாதிரி நிறையப் பார்த்தவர். கணக்கு வேறு யாரோ ஒருவருடைய பெயரில் இருக்கும், அவரைப் பிடித்தால் வாடகைக்குக் கொடுத்தேன் என்பார் என்றார். "கணக்கை முடக்கச் சொல்லி எழுதுறோம். போன காசு வரும்னு நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அவனும் ஏமாத்தி, நானும் ஏமாத்த வேண்டாம்." அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. முடிந்தால் எல்லாக் குழுக்களிலும் ஒரு மறுப்பு போடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மறுப்பை எழுதினேன். 'இந்த வேண்டுகோள் பொய். படத்தில் இருப்பவர் காலமாகிவிட்டார். அவரோ குடும்பமோ யாரிடமும் உதவி கேட்கவில்லை. யாரும் பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால் உங்கள் வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே தெரிவியுங்கள்.' அலுவலகக் குழுவில் போட்டேன். ஸ்டோர் பொறுப்பாளர் அழைத்து அழுதேவிட்டார். அம்மாவிடம் படித்துக் காட்டி, தெருக்காரர்களுக்கு அனுப்பவா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"அதுவும் ஃபோன்ல வந்ததுதானே. இதுவும் ஃபோன்ல வர்றதுதானே. எது நெசம்னு அவங்க எதை வெச்சு முடிவு பண்ணுவாங்க? நான் நேர்ல போறேன்."

"நான் சொல்லிக்கிறேம்மா. நீ எதுக்கு?"

"படத்தைக் கொடுத்தது நான்டி."

அப்பாவைப் பற்றி இவ்வளவு கேட்ட பிறகு, சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அழைத்தேன். "சரி சரி, வழக்கு தள்ளுபடின்னு சொல்லு" என்றார். பிறகு, "அண்ணி தெருவுக்குப் போறாங்கன்னா நானும் வரேன். எவனாவது எகிறினா?" என்றார். வந்தார். ஆனால் அம்மா அவரை அப்பாவின் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "நீங்க வந்தா சண்டைக்கு ஆள் கூட்டி வந்த மாதிரி இருக்கும். இங்கயே நில்லுங்க."

முதலில் ஜெராக்ஸ் கடை. அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஃபோன் வந்தது, முத்திரையைக் காட்டச் சொன்னது, படம் அனுப்பியது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஜெராக்ஸ்காரர் காகிதக் கட்டை மார்போடு பிடித்தபடி கேட்டார்.

"அப்ப நாங்க அனுப்பினது?"

"போச்சு தம்பி. உங்க பேங்க்ல சொல்லுங்க. ஸ்டேஷன்லயும் எழுதிக் கொடுங்க. நிறையப் பேர் கொடுத்தாத்தான் அவங்களும் அசைவாங்களாம்."

"விடுங்கக்கா. அண்ணனுக்குன்னு நினைச்சுத்தானே கொடுத்தோம்."

"விடாதீங்க" என்றாள் அம்மா. "விட்டா அவன் அடுத்த ஆளைத் தேடுவான். எழுதிக் கொடுங்க."

அடுத்து சலூன். நாற்காலியில் ஒருவர் பாதி முகம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார். சலூன்காரர் கையில் கத்தி. அம்மா சொல்லி முடிக்கும் வரை அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க சொல்றது எல்லாம் சரிக்கா" என்றார். "ஆனா ஒண்ணு. யாரோ ஒருத்தன் படத்தை வாங்கிட்டு ஓடிட்டான்னு யார் வேணாலும் சொல்லலாம். காசை வாங்கி வெச்சுக்கிட்டும் சொல்லலாம். நான் எதை வெச்சு நம்புறது?"

"யோவ்!" என்று வாசலிலிருந்து சித்தப்பா சத்தம் போட்டார். ஜெராக்ஸ்காரர் ஓடி வந்து, "அண்ணே, என்ன பேச்சு இது" என்றார். நுரைமுகக்காரர்கூடக் கண்ணைத் திறந்துவிட்டார்.

அம்மா மட்டும் அசையவில்லை. அப்பா போனதிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

"நீங்க கேட்டதுதான் கேள்வி" என்றாள். "இதை அனுப்புறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும் நீங்க. வீடு இருக்கிற இடம் தெரியும், என் நம்பர் உங்க பக்கத்து ஷட்டர்லயே இருக்கு. ஒரு நடை வந்து, 'உங்களுக்கு வேணுமாக்கா'ன்னு கேட்டிருக்கலாம்ல?"

சலூன்காரர் பக்கத்து ஷட்டர் பக்கம் பார்த்தார்.

"அப்ப கேக்கலை. பரவாயில்லை, இப்பவாவது கேட்டீங்க." காலியாக இருந்த பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து வங்கிப் புத்தகத்தை எடுத்தாள். "எங்க ரெண்டு பேருக்கும் இருக்கிற ஒரே கணக்கு. அவரும் நானும் சேர்ந்தது. இவ கணக்கையும் பார்க்கணும்னா இவ ஃபோன்ல காட்டுவா. காட்டுடி."

"அக்கா, வேண்டாம்..."

"பாருங்க. பார்க்காம நம்பினா எனக்குப் பிடிக்காது."

அவர் கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, புத்தகத்தை வாங்கினார். முதலில் சும்மா புரட்டினார். பிறகு அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன மாதத்தில் நின்றார். ஒரு வரியில் விரல் வைத்தார். கொஞ்சம் தயங்கினார்.

"இது என்ன வரவு?"

"இவ சம்பளத்துல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போட்டது. அடுத்த நாளே அங்க கட்டியிருக்கு பாருங்க."

"இது?"

"திரைச்சீலை தைச்ச காசு."

நாற்காலியில் இருந்தவர் முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. சலூன்காரரின் விரல் வரி வரியாக இறங்கியது. ஜெராக்ஸ்காரரும் மெல்ல அருகில் வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

அம்மா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த பக்கமும் இருக்கு" என்றாள்.